உள்பக்கத் தேய்மானம்

வெண்ணந்தூர் முருகானந்தம் தன் புதுக் காரை இரண்டு அங்குலம் இறக்கியதற்கான காரணம் ஊரறிந்தது. மனைவி சாரதாமணிக்கு முட்டி வலி. ஏறி இறங்கச் சிரமப்படுகிறாள் என்று புது வண்டி என்றும் பாராமல் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிவிட்டான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்ற பேச்சால் சொந்தத்தில் பல வீடுகளில் சண்டையே வந்தது. உண்மையான காரணம் வேறு. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பதினோரு மாதமாக அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்தக் காரணத்தைச் சொல்லச் சங்கடம்தான், ஆனால் சொல்லாமல் கதை நகராது. முருகானந்தம் ஐந்தடி நான்கு அங்குலம். அந்த நாலாவது அங்குலம் செருப்பைச் சேர்ந்தது என்று மச்சினன் குமரகுரு சொல்வான். சாரதாமணி அவனைவிட உயரம். பெண் பார்க்கப் போன அன்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கெட்டிக்காரத்தனமாக இருவரையும் உட்கார வைத்தே பேசி, அவர்கள் எழுந்து நிற்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். எழுந்தபோது இரண்டு அங்குல வித்தியாசம் தெரிந்தது. சரி, இரண்டு அங்குலம்தானே என்று முருகானந்தம் மனசைத் தேற்றிக்கொண்டான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு எட்டு விசைத்தறி ஓடுகிறது. வேட்டி நெய்து ஈரோட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறான். அவள் ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் போட்டோ வரும்வரை.

சேலத்தில் கார் எடுத்த அன்று ஷோரூம்காரர்கள் ஆள் உயர அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். பெரிய வண்டியாக இருந்தால் ஆளும் பெரிதாகத் தெரிவான் என்று நினைத்து, இருப்பதிலேயே உயரமான வண்டியாகப் பார்த்து எடுத்திருந்தான் முருகானந்தம். ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் சாரதாமணி, நடுவில் அவன், முன்னால் சாவி. நுனிக்காலில் எக்கிப் பார்த்தான். படம் வாட்ஸப்பில் அறுபத்து மூன்று பேர் இருக்கிற சொந்தக்காரர் குரூப்புக்குப் போனது. குமாரபாளையத்திலிருந்து குமரகுரு முதல் ஆளாக எழுதினான்: "அக்கா இருக்குது, வண்டி இருக்குது, சாவி இருக்குது. மாமா எங்க?"

அடுத்து திருச்செங்கோட்டுச் சித்தப்பா ஒருவர் எழுதினார்: "நல்லாப் பாரு சாமி, சாவிக்கு யாரோ வேட்டி கட்டி உட்டிருக்காங்க." அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. முருகானந்தமும் ஒரு சிரிக்கும் பொம்மை போட்டான். போட்டுவிட்டு போனைத் தலைகாணிக்கு அடியில் திணித்தான்.

மறுநாள் சாரதாமணி பள்ளிக்கூடம் போனதும், அவளுடைய அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனான். காரோடு முதுகை ஒட்டி நின்று, தலைமேல் அளவுகோலைப் படுக்க வைத்துப் பார்த்தான். கூரை அவன் தலையைவிட ஓர் அங்குலம் மேலே இருந்தது. இரண்டு அங்குலம் வண்டி இறங்கினால், கூரைக்கு மேலே ஓர் அங்குலத் தலை தெரியும். நாற்பத்து மூன்று வயதில் அவன் இனி வளரப்போவதில்லை. இறங்கவேண்டியது வண்டிதான்.

நாமக்கல்லில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவதில் பேர்போனவன் காளியண்ணன். முருகானந்தத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஏன்டா, இங்க வாரவனெல்லாம் லோடு தாங்கோணும்னு பட்டையச் சேத்துப் போடச் சொல்றான். நீ எறக்கச் சொல்ற?" என்றான் காளியண்ணன்.

"ஸ்டைலுக்குடா. இப்ப எல்லாரும் எறக்கறாங்க."

"வேட்டிக்காரனுக்கு என்னடா ஸ்டைலு?" என்று கேட்டுக்கொண்டே காளியண்ணன் நாலு சுருள் ஸ்பிரிங்கையும் கழற்றி, அளந்து வெட்டி, மாட்டிக் கொடுத்தான். வெட்டிய பிறகு சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா, அதையும் பார்த்தான். லாரிக்குப் பார்க்கிற மாதிரியே பார்த்தான். முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் ஒரு தரம், பின்பக்கம் ஒரு தரம் டேப்பைப் பிடித்து, சக்கரங்களைத் திருப்புகிற ராடைத் திருகி, "நூல் புடிச்சாப்புல நிக்குது, ஓட்டிட்டுப் போ" என்றான். லாரியின் முன்சக்கரங்கள் ஒரே இரும்பு அச்சில் இருப்பவை. மேலே பாரம் ஏறினாலும் இறங்கினாலும் அவை சாய்வதில்லை. காரில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி இரும்புக் கையில் தொங்குகிறது. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். இருபத்தைந்து வருஷம் லாரியையே பார்த்த கண்ணுக்கு இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் முருகானந்தத்துக்கு ஒன்று உறைத்தது. சாரதாமணிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. அவள் கேட்டைத் திறந்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, வண்டி என்னமோ உக்காந்தாப்புல இருக்குது?"

"அது வந்து சாரதா… ஏறி எறங்கறதுக்கு…"

சாரதாமணி அவனைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். "என்ற முட்டிக்காகவாங்க?" என்றாள்.

கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டான். "பின்ன? வேற யாருக்காக?"

அன்று சாயங்காலமே அவள் குரூப்பில் எழுதிவிட்டாள். என் முட்டி வலிக்காக இவர் புது வண்டியையே கீழே இறக்கிவிட்டார் என்று. கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. குமரகுருவிடமிருந்து சத்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் கண் வைத்தார்கள். ஒரு மாதம் போனபோது, முட்டிக்காகத்தான் இறக்கினோமோ என்று முருகானந்தத்துக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்தி, அதன்மேல் கையூன்றி, கூரைக்கு மேலே தலை தெரிய நிற்பதில் ஒரு சுகம் இருந்தது. அதற்காக எதையும் பொறுத்துக்கொண்டான். வேகத்தடை வந்தால் நண்டு மாதிரிக் குறுக்காக ஏற்றி இறக்கினான். அப்படியும் அடிவயிறு கரகரவென்று தேயும். முருகானந்தம் வருகிறான் என்பது தெருவுக்கு அந்தச் சத்தத்தில் தெரிந்தது. வேட்டிக் கட்டுகளை ஏற்றினால் வண்டி இன்னும் ஒரு விரற்கடை தாழும். காலையில் எழுந்ததும் டயர்களைத் துணியால் துடைப்பான். வெளிப்பக்கம் புது டயர் போலவே இருக்கும். துணி வாங்க வருகிறவன் வேட்டியின் ஒரு கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் முருகானந்தம் அவனை ஏமாளி என்பான். டயருக்கும் இரண்டு கரை உண்டு என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் வெங்கடாசலம் என்கிற பஞ்சர் கடைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரமத்தி வேலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு, பழுத்த பூவன் தார் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு இருவரும் திரும்பினார்கள். நாமக்கல் வருவதற்கு முன்பே இடது முன்சக்கரம் காற்றை விட்டுவிட்டது. தள்ளாடி ஒரு புளியமரத்தடிப் பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். வெங்கடாசலம் சக்கரத்தைக் கழற்றி உருட்டிப் பார்த்தார்.

"டயரு போட்டு எத்தன நாளாச்சுங்க?"

"வண்டி வாங்கியே பதினோரு மாசந்தானுங்க ஆச்சு."

"வெளிய பாத்தா மாப்ளயாட்டம் இருக்குது. உள்ள வந்து பாருங்க, கம்பி எட்டிப் பாக்குது. இன்னிக்கு பஞ்சரானது நல்லதாப் போச்சு சாமி. வேகமாப் போயிருந்தா வெடிச்சிருக்கும்."

முருகானந்தம் குனிந்தான். உள்கரை ஒரு கைவிரல் அகலத்துக்கு வழவழவென்று மொட்டையாகி, அதற்கும் உள்ளே கம்பி பளபளத்தது. அதற்குள் சாரதாமணியும் இறங்கி வந்துவிட்டாள்.

"ஒம்பதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடலீங்க. டயர் கம்பெனிக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றாள்.

"அதேதான். சுத்த மோசம்" என்றான் முருகானந்தம் உடனே.

"டயரு மேல தப்பில்லீங்கம்மா" என்று ஆரம்பித்தார் வெங்கடாசலம். "வண்டிய இந்த மாதிரி கீழ…"

முருகானந்தம் டிக்கிக்கு ஓடினான். ஒரு சீப்புப் பழத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் கையில் திணித்தான். ஒன்றை உரித்து வாயருகே நீட்டினான். "மொதல்ல சாப்புடுங்க. வெயில்ல வேலை செய்யறீங்க." வெங்கடாசலம் நல்ல மனுஷர். வாயில் பழத்தோடு பேச மாட்டார். ஸ்டெப்னி மாட்டி முடிக்கும்வரை முருகானந்தம் ஒவ்வொரு பழமாக உரித்துக் கொடுத்தபடியே இருந்தான். ஆறு பழம் ஆயிற்று.

ஆனால் சாரதாமணி அப்படி விடுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் டயர்க் கடைக்குப் போன் போட்டாள். சக்கரம் நேராக நிற்கிறதா என்று அளந்த அலைன்மென்ட் ரிப்போர்ட் இருந்தால்தான் கம்பெனியில் கேட்கமுடியும் என்று கடைக்காரர் சொன்னார். சனிக்கிழமை போகலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். முருகானந்தம் மனசுக்குள் கணக்குப் போட்டான். சக்கரத்தைப் பார்க்கிறவர்கள் வண்டியை ஏன் இறக்கினாய் என்று கேட்பார்கள். பழையபடி ஏற்று என்பார்கள். அடுத்த மாதம் குமாரபாளையத்தில் குமரகுருவின் புது வீட்டுப் புகுவிழா. வீட்டுக்கு முன்னால் அத்தனை பேரையும் நிற்க வைத்து, வண்டியையும் சேர்த்துப் போட்டோ எடுப்பான் அந்தப் பாவி. கூரைக்கு மேலே தெரிகிற ஓர் அங்குலத் தலையைப் பறிகொடுத்துவிட்டு அந்தப் போட்டோவில் எப்படி நிற்பது?

நான் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். அவள் லீவு போட்டுவிட்டாள். கடைசி முயற்சியாக அலைன்மென்ட் கடைக்கு ரகசியமாகப் போன் செய்தான்.

"ஏனுங்க, ரோடு சரியில்லாததால டயரு போச்சுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுங்களா?"

"மெஷினு நான் சொல்றத எழுதாதுங்கண்ணா. அதுபாட்டுக்கு எழுதும்" என்றது ஒரு பெண் குரல்.

குரலுக்கு உரியவள் அறிவுச்செல்வி. முப்பது வயசு இருக்கும். நாமக்கல் பைபாஸில் லாரிகளுக்கு ஒரு பக்கமும் கார்களுக்கு ஒரு பக்கமுமாக அலைன்மென்ட் கடை வைத்திருந்தாள். கார் மேடையை ஒட்டி, கம்ப்யூட்டர் இருக்கிற சின்ன கண்ணாடி அறை. லாரிக்காரர்களின் செருப்பு மண் உள்ளே வரக்கூடாது என்று 'செருப்பை வெளியே விடவும்' என வாசலில் எழுதி ஒட்டியிருந்தது. முருகானந்தமும் சாரதாமணியும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள்.

அறிவுச்செல்வி முதலில் மெஷினைத் தொடவில்லை. வலது டயரின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினாள், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவினாள். ஒரு பக்கம் வழுக்கியது, எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரி அறுத்தது. அப்புறம்தான் நாலு சக்கரத்திலும் அளவெடுக்கும் கவ்விகளை மாட்டினாள். திரையில் காரின் படம் வந்து, முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் எண்கள் சிவப்பாக எரிந்தன.

"ரெண்டு வேலை நடந்திருக்குதுங்கண்ணா" என்று அவள் இரண்டு உள்ளங்கைகளையும் நிறுத்திக் காட்டினாள். "டயரு தலை ரெண்டும் உள்ள சாஞ்சு, கால அகட்டி நிக்குது. அதுபோக மொகம் ரெண்டும் நேராப் பாக்காம ஆளுக்கொரு தெசையப் பாக்குது. ரெண்டும் சேந்து உள்கரையத் தேச்சே தின்னுபோட்டுது. எறக்குன அன்னிக்கு ராடு மட்டும் பாத்திருக்காங்க. அப்பறம் வெட்டுன ஸ்பிரிங்கு இன்னங் கொஞ்சம் அமுந்திருக்கும். மறுபடி யாரும் பாக்கல."

சாரதாமணி திரையைக் கணக்கு டீச்சர் கண்ணால் படித்தாள். "ரெண்டு டிகிரி பத்து நிமிசம். சின்னக் கோணந்தானுங்க?"

"சின்னதுதானுங்கக்கா. ஒரு நாளைக்கு நடந்தா ஒண்ணுந் தெரியாது. தெனமும் அதே கோணத்துல நடந்தா?"

சாரதாமணி தன் பாதங்களைப் பார்த்தாள். புடவை நுனியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"எதுக்குங்க வண்டிய எறக்குனீங்க?" என்றாள் அறிவுச்செல்வி.

முருகானந்தத்துக்கு இருமல் வந்தது. சாரதாமணிதான் பதில் சொன்னாள். "என்ற முட்டிக்காகங்க. ஏறி எறங்க முடியலன்னு இவருதான் செஞ்சு குடுத்தாரு."

அறிவுச்செல்வி அவளைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கடைசியாக முருகானந்தத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "ரெண்டு வழி இருக்குதுங்க. எறக்குனது எறக்குனபடியே இருக்கோணும்னா, வெட்டுன ஸ்பிரிங்கத் தூக்கிப் போட்டுட்டு, எறக்கறதுக்குன்னே வார ஸ்பிரிங்கு போடலாம். சாய்வத் திருத்த ஒரு போல்ட்டு வருது, அதையும் போட்டு நேராக்கிரலாம். டயரு இந்தளவுக்குத் தேயாது. இல்லீன்னா பழையபடி கம்பெனி ஸ்பிரிங்கு போட்டு வண்டிய ஏத்திரலாம். ஆனா டயருக்குக் கம்பெனில ஒண்ணுங் கெடைக்காதுங்க. தப்பு டயரு மேல இல்ல."

"மொத வழி" என்றான் முருகானந்தம். அவள் மூச்சு விடக்கூட இல்லை. "மொத வழியே பண்ணிருங்க." டயர் போனால் போகட்டும். தலை தப்பியது. குமாரபாளையத்துப் போட்டோவில் எந்தப் பக்கம் நிற்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"எப்பவும் ரெண்டு பேருந்தான் போவீங்களா? அப்ப ரெண்டு பேரும் வண்டில உக்காருங்க. ஆளு பாரத்தோட ஒருக்கா அளந்துக்கறேன்."

வெறுங்காலோடே போய் உட்கார்ந்தார்கள். அளந்தாள். முருகானந்தம் முதலில் இறங்கி, போல்ட்டு எங்கே வரும் என்று பார்க்கிற ஆசையில் வண்டியைச் சுற்றி இடது பக்கம் வந்தான். வழக்கமாக அவன் இந்தப் பக்கம் வருவதில்லை. வண்டி நின்றதும் இறங்கிப் போனை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவான். அதனால் சாரதாமணி காரிலிருந்து இறங்குவதைப் பதினோரு மாதத்தில் அன்றுதான் முழுசாகப் பார்த்தான்.

முதலில் கூரை இடிக்காமல் தலையைக் குனிந்து வெளியே நீட்டினாள். ஒவ்வொரு காலாக எடுத்துத் தரையில் வைத்தாள். கதவை ஒரு கையால் பிடித்து, மறு கையால் தொடையை அழுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். அங்கே ஒரு மூச்சு நின்றாள். பிறகு மீதி எழுந்தாள். நிமிர்ந்ததும் அவன் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று சிரித்தாள்.

"அக்கா, நீங்க ஒசரமான ஆளு. சீட்டு இடுப்புக்கு நேரா இருந்தா அப்புடியே நவுந்து உக்காந்துக்கலாம். கீழ உக்காந்து எந்திரிச்சா முட்டிக்குத்தானே பாரம்? உங்களுக்கு எறக்குன வண்டி ஆவாதுங்களே" என்றாள் அறிவுச்செல்வி.

"அதெல்லாம் பழகிப்போச்சு. இருந்துட்டுப் போகுது உடுங்க."

முருகானந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரிப்போர்ட்டை எடுத்து வருவதாகச் சொல்லிக் கண்ணாடி அறைக்குள் போனான். பிரிண்டர் மெதுவாகத் துப்பிக்கொண்டிருந்தது. வெளியே சாரதாமணி செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள். அறிவுச்செல்வி அந்தச் செருப்புகளையே உற்றுப் பார்த்தாள். தேய்மானம் கண்ணில் பட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. குனிந்து ஒன்றை எடுத்துப் புரட்டினாள். வெளிக்கரை புதுசு மாதிரி இருந்தது. உள்கரை காகிதமாகத் தேய்ந்திருந்தது.

"ஏனுங்கக்கா, இதும் உள்பக்கந்தான் போயிருக்குது."

"அய்யோ, கீழ வைங்க" என்று சாரதாமணி சிரித்தாள். "அது நடக்கற பழக்கம்."

"இப்புடி ஒரு பழக்கமா?"

சாரதாமணி அறையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "இவரோட நடக்கறப்ப முட்டிய லேசா மடக்கி, பாதத்த உள்ள சாச்சு நடப்பேங்க. இவரு பொண்ணு பாக்க வந்த நாள்ல இருந்தே அப்புடித்தான். பக்கத்துல வாரவரு ஒசரத்துக்கு நடந்தாத்தானுங்க பேசிட்டே போக முடியும்? டாக்டரு என்னென்னமோ மாத்திரை எழுதறாரு. எனக்குத் தெரியாதா எதனால வலிக்குதுன்னு."

கதவு சாத்தியிருக்கவில்லை. முருகானந்தம் ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பதினெட்டு வருஷம் பக்கத்தில் நடந்தும் ஒரு நாள்கூடக் கீழே குனிந்து பார்க்கவில்லையே என்று துக்கமாக இருந்தது. வெறுங்காலோடு வெளியே வந்தான்.

"ரெண்டாவது வழியே பண்ணிருங்க. வண்டிய ஏத்திருங்க" என்றான்.

"ஏனுங்க? முட்டிக்காக எறக்குனத…" என்றாள் சாரதாமணி.

"முட்டிக்காக எறக்கல சாரதா."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"குமரகுரு 'மாமா எங்க'ன்னு கேட்டது வியாழக்கெழம. அடுத்த புதங்கெழம வண்டி எறங்குது. என்ற அளவுகோலு வண்டிக்குள்ள கெடக்குது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கூட்டல் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏன் நீயே முட்டின்னு எடுத்துக் குடுத்த? குரூப்ல எல்லாம் போட்ட?"

சாரதாமணி தரையைப் பார்த்தாள். "எதுக்கு எறக்குனீங்கன்னு அவன் கேப்பானே. மறுபடி எல்லாருஞ் சிரிப்பாங்க. உங்களப் பாத்து யாருஞ் சிரிக்கப்படாதுன்னு தோணுச்சு. அதான்."

அறிவுச்செல்விக்கு அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் நின்ற ஒரு லாரியில் அவசர வேலை வந்துவிட்டது. ஸ்பானர்கூட எடுக்காமல் போனாள்.

"நிமுந்து நில்லு" என்றான் முருகானந்தம்.

"நின்னுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"முட்டிய மடக்காம நில்லு சாரதா."

அவள் கொஞ்சம் தயங்கி, முட்டியை நீட்டி, முதுகை நிமிர்த்தி நின்றாள். முருகானந்தம் முகவாயை உயர்த்தவேண்டி வந்தது. இத்தனை காலமும் அவன் இரண்டு அங்குலம் என்று எண்ணி மனசைத் தேற்றிக்கொண்டது உண்மையில் நான்கு அங்குலம்.

"நீ இவ்ளோ ஒசரமா?"

"பள்ளிக்கூடத்துல எல்லாருக்குந் தெரியுமுங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் வண்டி ஏறியது. புது ஸ்பிரிங், புது டயர், திரையில் நாலு சக்கரமும் பச்சை. சாரதாமணி சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து இறங்கினாள். அன்றைக்கே முருகானந்தம் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கினான். குமாரபாளையத்துப் புகுவிழாவில், முருகானந்தம் எதிர்பார்த்தபடியே குமரகுரு எல்லோரையும் வீட்டுக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தான். சாரதாமணி நிமிர்ந்து நின்றாள். படம் குரூப்பில் விழுந்த அடுத்த நிமிஷம், மச்சினன் வாயைத் திறப்பதற்குள், முருகானந்தமே எழுதினான்: "மாமாவத் தேட வேண்டாம் மாப்ள. அக்காவோட தோளுக்குப் பக்கத்துல பாரு." குமரகுரு ஒரு பூங்கொத்து அனுப்பினான். திருச்செங்கோட்டுச் சித்தப்பா மட்டும் ஏமாந்துபோய் ரொம்ப நேரம் ஏதோ டைப் அடித்து அடித்து அழித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தாள் அறிவுச்செல்வி. ஆறு மாதம் கழித்துப் போனார்கள். அவள் டயரில் உள்ளங்கையை வைத்து இப்படியும் அப்படியும் தடவினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கியது. இரண்டு கரையும் ஒரே மட்டம். முருகானந்தம் டயரைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. கண்ணாடி அறை வாசலில் கிடந்த சாரதாமணியின் செருப்பை எடுத்துப் புரட்டி, வேட்டியை விரித்துக் காட்டுகிற மாதிரி அறிவுச்செல்வியிடம் பெருமையாக நீட்டினான். அதிலும் இரண்டு கரையும் ஒரே மட்டம்.

"இது சரியாப் போச்சுங்கண்ணா" என்ற அறிவுச்செல்வி, பக்கத்தில் கிடந்த அவனுடைய செருப்பைக் கால் விரலால் புரட்டிப் போட்டாள். "இத யாரும் பாக்கலீங்களா?"

மூன்று பேரும் பார்த்தார்கள். குதிகால் பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே, அச்சடித்த கோடுகூட அழியாமல் இருந்தது. முன்பக்கம், விரல்கள் ஊன்றுகிற இடத்தில், ஓட்டை விழுந்திருந்தது.

"இது நுனிக்கால்ல நிக்கற ஆளோட செருப்பு" என்றாள் அறிவுச்செல்வி.

வண்டி இறங்கிய கதையைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்த சாரதாமணிக்கு இது மட்டும் தெரியாது. பதினெட்டு வருஷமாக அவள் அவனுக்காக முட்டியை மடக்கிக்கொண்டிருக்க, அவன் அவளுக்காகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பவும் அப்புடித்தான் நிக்கறீங்களாக்கும்?" என்று கேட்டு அவன் காலைப் பார்த்தாள்.

அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். முருகானந்தம் மெல்லக் குதிகால்களைத் தரையில் ஊன்றினான். ஓர் அங்குலம் இறங்கினான். சாரதாமணி சிரிப்பு அடங்காமல் அவனைக் கீழே பார்த்தாள். முட்டியை மடக்கவில்லை.